மென்பொருளுக்கு எஃப்.சி. போடுவது யார்?

இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. ஆலை திருவொற்றியூரில் எழுந்தது. முதலில் அங்கே நடந்தது கப்பலில் வந்த பாகங்களைப் பூட்டும் வேலைதான். 1957-இல் பாகங்களை இங்கேயே செய்வதற்கான கருவிகளும் அச்சுகளும் இந்திய நிறுவனத்துக்கு விற்கப்பட்டன. சில ஆண்டுகளில் புல்லட் மோட்டார் சைக்கிள் முழுவதும் திருவொற்றியூரிலேயே உருவானது. 1970-இல் இங்கிலாந்தில் உற்பத்தி நின்றது; அடுத்து தாய் நிறுவனமே கலைந்தது. திருவொற்றியூர் ஆலை நிற்கவில்லை. 1977-இல் அங்கிருந்து புல்லட்டுகள் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயின.

தயாரித்தவர் கைவிட்ட ஒரு பொருள், அதை வாங்கியவர்களின் ஊரில் பிழைத்துக்கொண்டது. பிழைத்ததற்கு மூன்று காரணங்கள் உண்டு. வடிவமைப்பும் கருவிகளும் கைக்கு வந்திருந்தன. அவற்றை இயக்கத் தெரிந்த தொழிலாளர்கள் இருந்தார்கள். ராணுவமும் காவல்துறையும் பொதுமக்களும் தொடர்ந்து வண்டி வாங்கியதால் அந்த உழைப்புக்குக் கூலி வந்துகொண்டிருந்தது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் புல்லட்டின் கதை முடிந்திருக்கும்.

திறந்த மூல மென்பொருளின் ஆயுளைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் முதல் காரணத்தோடு நின்றுவிடுகிறோம். மூலநிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, யாரும் எடுத்துத் திருத்தலாம், ஆகவே அதற்குச் சாவு இல்லை என்கிறோம். உரிமத்தைப் பொறுத்தவரை இது உண்மை. ஆனால் திருத்தத் தெரிந்த கையும் அந்தக் கைக்குக் கூலியும் இல்லாத இடத்தில் அந்த உரிமையால் யாருக்கும் பயன் இல்லை. ராயபுரத்தில் தொடங்கி திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, ஆலை வட்டாரத்தை முன்வைத்து இதை ஆராய்வது பொருத்தமானது. இங்குள்ள எந்திரங்கள் பல பத்தாண்டுகள் உழைக்கின்றன. அவை ஒவ்வொன்றும் குறித்த தேதியில் சோதிக்கப்பட வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. இரும்புக்குக் காட்டும் அந்த ஒழுங்கை மென்பொருளுக்கும் காட்ட வேண்டும், அதற்கான உழைப்புக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஆயுள் முடியும்போது என்ன நடக்கிறது

மென்பொருள் துருப்பிடிப்பதில்லை, தேய்வதில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் நிறுவிய நிரல் அன்று செய்த வேலையை இன்றும் அப்படியே செய்யும். மாறுவது அதைச் சுற்றியுள்ள உலகம். நேற்றுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த ஓட்டை இன்று கண்டுபிடிக்கப்பட்டு, அதற்கு ஓர் அடையாள எண் தரப்பட்டு, உலகம் முழுவதும் அறிவிக்கப்படுகிறது. அறிவிப்பைக் காப்பவரும் படிக்கிறார், தாக்குபவரும் படிக்கிறார். ஆதரவில் உள்ள பதிப்புக்கு உடனே திருத்தம் வெளியாகும். ஆதரவு முடிந்த பதிப்புக்கு வராது. அதே ஓட்டை பழைய பதிப்பிலும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கக்கூட யாருக்கும் கடமை இல்லை. தொழிலில் உள்ளவர்கள் "அது இ.ஓ.எல். ஆகிவிட்டது" என்று சொல்வதன் பொருள் இதுதான். நிரல் ஓடும், அதற்குப் பொறுப்பேற்றிருந்தவர்கள் விலகியிருப்பார்கள்.

ஒவ்வொரு திட்டமும் தனக்கென ஒரு நாட்காட்டி வைத்திருக்கிறது. தன்னார்வலர்கள் நடத்தும் லினக்ஸ் இயங்குதளமான டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நிலைப்பதிப்பு வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டு முழு ஆதரவு, மேலும் இரண்டு ஆண்டு நீண்டகால ஆதரவு, ஆக ஐந்து ஆண்டு. உபுண்டுவின் எல்.டி.எஸ். எனும் நீண்டகாலப் பதிப்புகளுக்குப் பொது ஆதரவு ஐந்து ஆண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் அதன் நிறுவனத்தோடு சந்தா ஏற்பாடு உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் ஒவ்வொரு பெரும் பதிப்பும் ஐந்து ஆண்டு பராமரிக்கப்படுகிறது. இணையதளங்களுக்கு அடித்தளமான பி.எச்.பி. மொழியின் பதிப்புகளுக்கு இன்னும் குறைந்த காலமே கிடைக்கிறது. பல ஆண்டுகள் உலகெங்கும் புழங்கிய 5.6 பதிப்பின் ஆதரவு 2018 டிசம்பர் 31-இல் முடிந்தது.

இந்த நாட்காட்டிகளைப் படிக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பதிப்பு எண் பழையது என்பதாலேயே அது பாதுகாப்பற்றது ஆகிவிடாது. டெபியன் போன்ற திட்டங்கள் பழைய பதிப்பின் எண்ணை மாற்றாமல், புதிய திருத்தத்தை மட்டும் அதற்குள் கொண்டுவந்து சேர்க்கின்றன. அதேபோல், புதியது என்பதாலேயே ஒன்று நம்பத்தக்கதும் ஆகிவிடாது. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்.இசட். என்ற சிறிய சுருக்கு நிரலின் புதிய பதிப்புகளில் ஒரு திருட்டு வாசல் மறைத்து வைக்கப்பட்டிருந்தது வெளிப்பட்டது. போஸ்ட்கிரெஸ் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி கூடுதலாக ஆவதைக் கவனித்துத் துருவியதால் அது அகப்பட்டது. டெபியனின் சோதனைக் கிளைகளில் அந்தப் பதிப்புகள் நுழைந்திருந்தன, நிலைப்பதிப்பைத் தொடவில்லை. நிதானமாக, சோதித்து, தேதி சொல்லி வெளியிடும் கொள்கையே அன்று பெரும்பாலான சர்வர்களைக் காத்தது.

2014 ஏப்ரல்: இரண்டு நாள்களில் இரண்டு பாடங்கள்

தமிழ்நாட்டுக்கும் திறந்த மூலத்துக்கும் உள்ள உறவு பழையது. மாநில அரசின் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் அதன் மேலாண் இயக்குநராக இருந்த 2006-07 காலத்தில் சூசே லினக்ஸுக்கு மாறியது. சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாகக் கொண்டு பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ், சுருக்கமாக பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கி 2007 ஜனவரியில் வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் அது இயங்கியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டது. வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர்ப் பிள்ளைகளும் அந்த மடிக்கணினிகளோடுதான் வீட்டுக்குப் போனார்கள்.

விண்டோஸ் எக்ஸ்.பி.யின் ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தியது. அரசு அலுவலகங்களில் எக்ஸ்.பி. எங்கும் நிறைந்திருந்த காலம் அது. அந்த ஆண்டில் தமிழ்நாடு அரசு தன் துறைகளை பாஸ் லினக்ஸுக்கு மாறும்படி அறிவுறுத்தியது. காரணம் தெளிவானது: ஒரு வெளிநாட்டு நிறுவனம் குறிக்கும் தேதியில் நம் வட்டாட்சியர் அலுவலகக் கணினி காவலற்றுப் போகக் கூடாது. அந்தத் தேதிக்குப் பிறகு எக்ஸ்.பி.யைத் திருத்த மைக்ரோசாஃப்ட்டைத் தவிர உலகில் யாருக்கும் வழியில்லை. 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற பணம் பறிக்கும் நிரலின் தாக்குதல் பரவியபோது இது கண்கூடானது. ஆதரவு முடிந்து மூன்று ஆண்டுகள் கழித்து எக்ஸ்.பி.க்கு அவசரத் திருத்தம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அது அந்த நிறுவனம் எடுத்த முடிவு. வெளியிடாமல் இருந்திருந்தால் கேட்க யாருக்கும் உரிமை இருந்திருக்காது.

ஆனால் எக்ஸ்.பி. முடிந்த நாளுக்கு முந்தைய நாள், 2014 ஏப்ரல் 7, திறந்த மூலத்தின் வரலாற்றிலும் ஒரு கசப்பான நாள். இணையத்தின் பாதுகாப்பான தொடர்புகளில் பெரும்பகுதியைத் தாங்கிய ஓப்பன்எஸ்.எஸ்.எல். என்ற நிரலில் ஹார்ட்பிளீட் ஓட்டை அன்றுதான் அறிவிக்கப்பட்டது. வங்கிகளும் அரசுகளும் பெருநிறுவனங்களும் நம்பியிருந்த அந்த நிரலுக்கு முழுநேரம் உழைத்தவர் ஒரே ஒருவர் என்பதும், ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர் மட்டுமே நன்கொடையாக வந்துகொண்டிருந்தது என்பதும் அதன் பிறகே உலகுக்குத் தெரிந்தது. அதே மாதம் லினக்ஸ் ஃபவுண்டேஷன் பெரிய நிறுவனங்களிடம் பணம் திரட்டி, இத்தகைய அடித்தள நிரல்களைக் காக்கும் முயற்சியைத் தொடங்கியது.

மூலநிரல் மூடியிருந்தால் உரிமையாளரின் தயவில் வாழ வேண்டும் என்பதை எக்ஸ்.பி. காட்டியது. மூலநிரல் திறந்திருந்தும் அதைப் படிக்க ஆளுக்குக் கூலி கொடுக்காவிட்டால் ஆபத்து அப்படியே இருக்கும் என்பதை ஹார்ட்பிளீட் காட்டியது. தமிழ்நாடு முதல் பாடத்தைக் கேட்டு ஆணையிட்டது. இரண்டாவது பாடம் கொள்கையாக மாறவில்லை.

பாஸ் லினக்ஸின் அடித்தளம் டெபியன். ஆகவே டெபியனின் நாட்காட்டி பாஸுக்கும் பொருந்தும். 2014-இல் டெபியனின் நிலைப்பதிப்பு எண் 7. அதன் நீண்டகால ஆதரவு 2018 மே 31-இல் முடிந்தது. அந்தத் தலைமுறை லினக்ஸை நிறுவிய கணினி நான்கே ஆண்டுகளில் எக்ஸ்.பி. இருந்த நிலைக்குத் தானும் வந்துவிடும். வேறுபாடு ஒன்றுதான்: அடுத்த பதிப்புக்கு மாற உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் போய், தரவைப் பாதுகாத்து, புதிய பதிப்பை ஏற்றி, அச்சுப்பொறியும் தமிழ் எழுத்துருவும் வேலை செய்கிறதா என்று பார்த்து, ஊழியருக்குப் பழக்கிக் கொடுக்க ஆள் வேண்டும். பாஸ் திட்டம் தன் பங்குக்குப் புதிய டெபியன்களைப் பின்தொடர்ந்து அடுத்தடுத்த பதிப்புகளை வெளியிட்டே வந்திருக்கிறது. அவற்றை மேசைவரை கொண்டுசேர்க்கும் கடமையை யார் ஏற்பது என்பதே பதில் இல்லாத கேள்வி.

வாக்கு மாறும்போது

ஆதரவுத் தேதி என்பது சட்டமல்ல. அது ஒரு குழுவோ நிறுவனமோ கொடுக்கும் வாக்கு. அதைக் காத்தவர்களும் உண்டு, நீட்டித்தவர்களும் உண்டு, பாதியில் முறித்தவர்களும் உண்டு.

நீட்டித்தவர்களில் பைத்தான் குழு ஒன்று. பைத்தான் 2-இன் ஆதரவு 2015-இல் முடியும் என்று முதலில் சொன்னார்கள். புதிய பைத்தான் 3-க்கு உலகம் மெல்லத்தான் மாறியது. ஆகவே 2014-இல் தேதியை 2020 ஜனவரி 1-க்குத் தள்ளினார்கள். கடைசித் திருத்தப் பதிப்பான 2.7.18 அந்த ஆண்டு ஏப்ரலில் வந்தது. உலகெங்கும் பல அரசு இணையதளங்கள் எழுப்பப்பட்ட ட்ரூபல் 7 இன்னொரு சான்று. 2011 ஜனவரி 5-இல் வெளியானது. பல முறை நீட்டிக்கப்பட்டு 2025 ஜனவரி 5 அன்று, சரியாகப் பதினான்கு ஆண்டுகளில் விடைபெற்றது. இத்தகைய நீட்டிப்பு பயனாளரிடம் காட்டும் கருணை. அதற்கு ஒரு விலையும் உண்டு: எப்படியும் நீட்டிப்பார்கள் என்ற நினைப்பில் மாறுவதைத் தள்ளிப்போடும் பழக்கம் வேரூன்றுகிறது.

முறிந்த வாக்குக்குச் சான்று சென்ட்ஓஎஸ். ரெட் ஹாட்டின் கட்டண இயங்குதளத்துக்கு இணையாக, இலவசமாக, பத்து ஆண்டு ஆதரவோடு கிடைத்ததால் உலகெங்கும் சர்வர்களில் அது நிறைந்திருந்தது. 2019 செப்டம்பரில் வந்த சென்ட்ஓஎஸ் 8-க்கு 2029 வரை ஆயுள் என்று சொல்லப்பட்டது. 2020 டிசம்பர் 8 அன்று, அது 2021 டிசம்பர் 31-இலேயே முடியும் என்ற அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தைய சென்ட்ஓஎஸ் 7-க்கோ 2024 ஜூன் 30 வரை ஆதரவு தொடர்ந்தது. நம்பி முன்னதாகவே மாறியவர்கள் நட்டப்பட, பழையதிலேயே தங்கியவர்கள் தப்பினார்கள்.

ஆனால் திறந்த மூலத்தின் வலிமையும் அங்கேதான் தெரிந்தது. சில மாதங்களுக்குள் ஆல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் பிறந்தன. சென்ட்ஓஎஸ்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிரெகரி கர்ட்சரே ராக்கியை முன்னெடுத்தார். மூடிய மென்பொருளில் இப்படி ஒரு மீட்சிக்கு இடமே இல்லை. திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்ததற்கு இணையான நிகழ்வு இது. திறன் இருந்தது, பணம் போட நிறுவனங்கள் முன்வந்தன, அதனால் உரிமை உயிர்பெற்றது.

எல்லாத் திட்டங்களுக்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை. எக்ஸ்.இசட். நிரலைப் பல ஆண்டுகளாகக் காத்தவர் தனி மனிதர், கூலியின்றி உழைத்தவர். அவர் சோர்ந்திருந்த காலத்தில் உதவிக்கு வருவதாகச் சொல்லி நெருங்கிய ஒருவர்தான் ஈராண்டுக்கு மேல் நம்பிக்கையைச் சேர்த்து அந்தத் திருட்டு வாசலை நுழைத்தார். பராமரிப்பவரின் களைப்பும் ஒரு பாதுகாப்பு ஓட்டைதான். இதை ஏற்காத எந்த ஆதரவுக் கொள்கையும் முழுமையாகாது.

இரும்பின் காலமும் நிரலின் காலமும்

எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கி, 450 மெகாவாட் திறன் பெற்று, 2017 மார்ச் 31-இல் மூடப்பட்டது. நாற்பத்தேழு ஆண்டு உழைப்பு. அதற்கு அருகில் வட சென்னை அனல் மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று. அவை 1994-க்கும் 1996-க்கும் இடையில் இயங்கத் தொடங்கின. மூன்றாவது அலகு ஓடத் தொடங்கிய அதே 1996-இல்தான் டெபியனின் முதல் நிலைப்பதிப்பு வெளியானது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்துவிட்டது. ஒரு மின் அலகின் வாழ்நாளுக்குள் ஓர் இயங்குதளத்தின் பல தலைமுறைகள் பிறந்து மறைந்துவிட்டன.

ஆலையிலும் துறைமுகத்திலும் உள்ள சிக்கலின் வேர் இந்தக் கால வேறுபாடுதான். கப்பலிலிருந்து பெட்டகம் இறக்கும் கிரேன், எடைமேடை, கொதிகலன் கட்டுப்பாடு, எண்ணெய்க் குழாய் அழுத்தமானி ஆகியவற்றைப் பல பத்தாண்டுகளுக்கென்று வாங்குகிறோம். அவற்றோடு இணையும் கணினிக்குள் இருக்கும் நிரலின் ஆதரவோ ஐந்து ஆண்டு. கேமரா பதிவுக் கருவியிலும் வைஃபை ரூட்டரிலும் ஓட்டுநரின் ஆண்ட்ராய்டு கைபேசியிலும் லினக்ஸின் உட்கருவான கர்னல் இருக்கிறது. மணலியின் சரக்குப் பெட்டக நிலையத்திலும் ராயபுரத்தின் சிறு சரக்கு முகவர் அலுவலகத்திலும் திறந்த மூலத்தை ஒருவரும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். அது பெட்டிக்குள் இருந்தபடியே வந்து சேர்ந்திருக்கும். தேர்ந்தெடுக்காததால் அதன் ஆயுளைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை.

கர்னலைப் பராமரிப்போரும் இந்த இடைவெளியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். நீண்டகாலக் கர்னல்களுக்கு முதலில் இரண்டு ஆண்டு ஆதரவு இருந்தது. 2017-இல், பெரிதும் ஆண்ட்ராய்டு கருவிகளின் தேவையை முன்னிட்டு, சிலவற்றுக்கு அது ஆறு ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. 2023-இல் மீண்டும் இரண்டாண்டுக்கே திரும்புவதாக அறிவித்தார்கள். அவ்வளவு பழைய கர்னல்களைப் பயன்படுத்துவோர் குறைவு என்றும், பராமரிப்போர் களைத்துப்போகிறார்கள் என்றும் காரணம் சொல்லப்பட்டது.

தொழில்துறைக்கு இது போதாது என்று உணர்ந்த சில நிறுவனங்கள் 2016-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. சீமென்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி போன்றவை அதில் முதலிலிருந்தே இருந்தன. மின் நிலையம், ரயில், ஆலை ஆகியவற்றுக்காகச் சில கர்னல் பதிப்புகளைத் தேர்ந்தெடுத்து, பத்து ஆண்டும் அதற்கு மேலும் காப்பதே அவர்களின் திட்டம். செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள், திருத்தங்களை எல்லோருக்கும் திறந்துவைக்கிறார்கள். அந்தத் தோஷிபாவின் பங்கு நிறுவனம் ஒன்று மணலி வட்டாரத்திலேயே மின் நிலையங்களுக்கான டர்பைன்களைத் தயாரிக்கிறது. பத்தாண்டு ஆதரவு முடியாத காரியம் அல்ல. தேவைப்படுவோர் கூடி, செலவு செய்தால் அது நடக்கும்.

சான்றிதழ் மரபு இங்கே ஏற்கெனவே இருக்கிறது

வடசென்னைத் தொழிலாளிக்கும் முதலாளிக்கும் தேதியிட்ட சான்று புதிதல்ல. கொதிகலனை ஆய்வு செய்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் இயக்கச் சான்று தரும் முறை 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வருகிறது. 2025-இல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதைத் தொடர்கிறது. துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புக்கான 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தையொட்டி 1990-இல் வந்த விதிகள், பாரம் தூக்கும் ஒவ்வொரு கருவியையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை சுமையேற்றிச் சோதிக்க வேண்டும், பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுமையாக ஆராய வேண்டும் என்றன. எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்கும் டிரெய்லர்களுக்கு எட்டு ஆண்டுவரை ஈராண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று காட்ட வேண்டும். பதினைந்து ஆண்டு கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தானது. எஃப்.சி. முடிந்த லாரியைத் துறைமுகத்துக்குள் ஓட்டிச் செல்ல எந்த உரிமையாளரும் துணிய மாட்டார். அதே லாரிக்கு நுழைவுச் சீட்டுத் தரும் கணினியின் இயங்குதளத்துக்கு ஆதரவு எப்போது முடிந்தது என்று கேட்க ஒரு படிவமும் இல்லை.

கப்பல் உலகம் இதில் ஓரளவு முந்திவிட்டது. கப்பல்களின் பாதுகாப்பு மேலாண்மையில் இணைய அபாயத்தையும் சேர்க்க வேண்டும் என்று பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 2017-இல் தீர்மானித்து, 2021 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2024 ஜூலை 1 முதல் கட்ட ஒப்பந்தமாகும் கப்பல்களில் உள்ள கணினிகளுக்கும் மென்பொருளுக்கும் கணக்குப் பட்டியல் வைத்திருக்க வேண்டும் என்பது கப்பல் வகைப்பாட்டுச் சங்கங்களின் விதி. எண்ணூரின் காமராஜர் துறைமுகத்துக்கு இனி வரப்போகும் புதிய கப்பல் தன் மென்பொருள் பட்டியலோடு வரும். கரையில் உள்ள நாமும் அப்படி ஒரு பட்டியலோடு அதை வரவேற்க வேண்டும்.

சட்டங்களும் இந்தத் திசையில் நகர்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது. அதன் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் முதல் பொருந்தும். மென்பொருள் அடங்கிய பொருளை விற்பவர் பொதுவாகக் குறைந்தது ஐந்து ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டும், ஆதரவு முடியும் காலத்தை வாங்குபவருக்குச் சொல்ல வேண்டும். திறந்த மூலத் திட்டங்களைத் தாங்கும் அறக்கட்டளைகளுக்கு அச்சட்டம் தனி இடமும் இலகுவான கடமைகளும் வகுத்திருக்கிறது. இது ஐரோப்பாவின் உள்விவகாரம் என்று ஒதுக்க முடியாது. சென்னைத் துறைமுகம் வழியாக அங்கே ஏற்றுமதியாகும் மின்னணுப் பொருளுக்கும் அது பொருந்தும்.

இந்தியாவில் 2015-இல் மத்திய அரசு, திறந்த மூலத்துக்கு முன்னுரிமை தரும் கொள்கையை வெளியிட்டது. 2024 அக்டோபரில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட வழிகாட்டுதல், மென்பொருளின் உள்ளுறுப்புப் பட்டியலில் ஒவ்வொரு உறுப்பின் ஆதரவு முடியும் தேதியையும் எழுதச் சொல்கிறது. இது நல்ல அடித்தளம். வழிகாட்டுதலைக் கொள்முதல் நிபந்தனையாக மாற்றுவதே அடுத்த வேலை.

செய்ய வேண்டியவை

கணக்கெடுப்பிலிருந்து தொடங்கலாம். துறைமுகம், மின் நிலையம், மாநகராட்சி மண்டல அலுவலகம், அரசுப் பள்ளி ஆகிய ஒவ்வொன்றும் தன்னிடம் எந்த மென்பொருள் எந்தப் பதிப்பில் ஓடுகிறது, அதன் ஆதரவு எந்த நாளில் முடிகிறது என்ற பதிவேட்டைப் பராமரிக்க வேண்டும். ஒவ்வொரு திட்டத்தின் ஆதரவுத் தேதியும் பொதுவெளியில் கிடைக்கிறது. பல நூறு மென்பொருள்களின் தேதிகளை ஒரே இடத்தில் தொகுக்கும் திறந்த பட்டியல் ஒன்றை இந்திய நிரலாளர் ஒருவரே தொடங்கி, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் அதை வளர்த்து வருகிறார்கள். கொதிகலன் பதிவேட்டைப் போல இதையும் ஆய்வாளர் கேட்டதும் காட்டும் ஆவணமாக்க வேண்டும்.

டெண்டர்களிலும் மாற்றம் வேண்டும். விலையையும் வேகத்தையும் கேட்கும் ஒப்பந்தம், இயங்குதளத்தின் ஆதரவு எப்போது முடியும், முடியும் முன் அடுத்த பதிப்புக்கு மாற்றுவது யார் பொறுப்பு, அதன் செலவு எந்தக் கணக்கில் என்ற கேள்விகளையும் கேட்க வேண்டும். எந்திரத்தின் ஆயுள் முப்பது ஆண்டு என்றால், அதற்குள் நான்கைந்து முறையாவது அதன் மென்பொருள் மாறும் என்பதை முதல் நாளிலேயே எழுதிவைக்க வேண்டும். மாற்றவே முடியாத பழைய கட்டுப்பாட்டுக் கணினியை இணையத்திலிருந்தும் அலுவலக வலையிலிருந்தும் பிரித்து வைப்பதை விதியாக்க வேண்டும்.

பணத்தைப் பற்றித் தயங்காமல் பேச வேண்டும். உரிமக் கட்டணத்தில் மிச்சமாவதை முழுவதும் லாபமாகக் கருதுவது பிழை. அதில் ஒரு பகுதி பராமரிப்புக்கு உரியது. டெபியனின் நீண்டகால ஆதரவு 2014-இல் தொடங்கியபோதே, அதைச் செய்வோருக்கு ஊதியம் தர ஃப்ரெக்சியான் என்ற நிறுவனத்தின் வழியாக உலகின் பல அமைப்புகள் பணம் செலுத்தும் ஏற்பாடு உருவானது. தமிழ்நாட்டு அரசு நிறுவனங்களும் அந்த வரிசையில் நிற்கலாம். சென்னை சி-டாக் போன்ற அமைப்பின் பொறியாளர்களை அந்த வேலைக்கு நேரடியாகவும் ஒதுக்கலாம். நாம் பயன்படுத்தும் பதிப்புக்கான திருத்தத்தை நம் ஊர்ப் பொறியாளர் எழுதி உலகத்துக்குத் தரும் நிலை வரும்போது, ஆதரவுத் தேதியைப் பற்றிய பேச்சில் நமக்கும் ஒரு குரல் இருக்கும்.

சிறிய கூடங்களை மறந்துவிடக் கூடாது. திருவொற்றியூரிலும் மணலியிலும் லேத் பட்டறைகளும் உதிரிபாகக் கூடங்களும் பழைய கணினிகளை வைத்தே தொழில் செய்கின்றன. டெபியன் 13 தன் 32-பிட் நிறுவல் பதிப்பைக் கைவிட்டுவிட்டது. மிகப் பழைய கணினிகளுக்கு இனி அந்த வழியும் மூடுகிறது. ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறை தனியாக ஒரு கணினி நிர்வாகியை வைத்துக்கொள்ள முடியாது. தொழிற்சங்கங்களும் சிறுதொழில் அமைப்புகளும் சேர்ந்து, வட்டாரத்துக்கு ஒரு பொதுப் பராமரிப்பு மையம் வைக்கலாம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கு அங்கே பயிற்சி தரலாம். ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குத் தரவு சிதறாமல் மாற்றிக் கொடுப்பது இந்தக் காலத்தின் ஃபிட்டர் வேலை. அதற்கு மதிப்பும் கூலியும் கிடைத்தால் வடசென்னையின் இளைஞர்கள் அதைச் சிறப்பாகச் செய்வார்கள்.

திறந்த மூலத்தை எதிர்ப்பவர்கள், ஆதரவு முடியும் தேதிகளைக் காட்டி அதை நம்ப முடியாது என்கிறார்கள். அதை விரும்புகிறவர்களில் பலர் அந்தத் தேதிகளைப் பற்றிப் பேசவே தயங்குகிறார்கள். இரு நிலையும் தவறு. தேதியை முன்கூட்டியே சொல்வது நேர்மையின் அடையாளம்; எந்த நாளில் எங்கள் பொறுப்பு முடிகிறது என்று சொல்லும் குழு, அந்த நாள்வரை நம்மோடு நிற்பதாகவும் சொல்கிறது. அதற்குப் பிறகு பொறுப்பை ஏற்கும் உரிமையைத் திறந்த உரிமம் நமக்குத் தந்திருக்கிறது. அந்த உரிமையைக் கடமையாக எடுத்துக்கொண்டு, ஆளும் பணமும் ஒதுக்கி, பதிவேட்டில் தேதி எழுதிக் கையெழுத்திட வேண்டியவர்கள் நாம். இந்த வட்டாரத்தில் அடுத்து வெளியாகும் அரசு டெண்டரிலேயே அந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்துத் தொடங்கலாம்.